கோயில் ரெஜிஸ்டரில் கை வைக்காதீங்க

ஞானஸ்நானம் கொடுப்பது பாதருடைய வேலை. கொடுக்கவே இல்லை என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வது என்னுடைய வேலை.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு மாதா கோயில் ஆபீசில் இருக்கிறேன். பிறந்தவர்களுக்கு ஒரு ரெஜிஸ்டர், கட்டிக்கொண்டவர்களுக்கு ஒன்று, செத்தவர்களுக்கு ஒன்று. வெள்ளைக்காரச் சாமிமார் இறகுப் பேனாவால் எழுதியதிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது வரை எல்லாம் ஒரே அறையில்தான். அந்தக் காலத்தில் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் பிறந்த எங்கள் ஆட்கள் பலருக்கு அரசாங்கப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. எப்போது பிறந்தேன், யார் பிள்ளை என்று காட்ட இந்தப் புத்தகத்தை விட்டால் வேறு கதியில்லை. அதனால் இதைத் தேடி வருகிறவர்களும் அதிகம், இதைத் திருத்தச் சொல்லி வருகிறவர்களும் அதிகம். கோயிலோ, பள்ளிக்கூடமோ, சங்கமோ, எங்கேயாவது ஒரு அலுமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஊரிடம் திட்டு வாங்குகிற என் இனத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், புத்தகத்தை வீட்டுக்குக் கேட்காத வரைக்கும்.

அலுமாரிக்குள் பல்ப்

எங்கள் பக்கத்துக் குளிர் தெரியும்தானே. துவைத்துப் போட்ட சட்டை மூன்று நாளைக்குக் காயாது. கடதாசி சும்மா இருந்தாலே தண்ணீர் குடிக்கும். ஆகவே பழைய ரெஜிஸ்டர் இருக்கிற அலுமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எப்போதும் எரிய விட்டிருப்பேன். அந்தச் சூட்டில் புத்தகம் காய்ந்து கிடக்கும். புதிதாக வந்த பாதர் இளம் வயது, மன்னார்ப் பக்கத்து ஆள், வெயிலில் வளர்ந்தவர். பூட்டிய அலுமாரிக்குள் எதற்கு வெளிச்சம், புத்தகங்கள் ஒன்றையொன்று வாசிக்கிறதா என்று கேட்டார். அணைத்தும் விட்டார். நான் மறுபடி போட்டேன். அவர் மறுபடி அணைத்தார். இப்படியே ஒரு வாரம் நாங்கள் பேசாமலே சண்டை போட்டோம்.

கடைசியில் பல்பையே கழற்றிக் கொண்டுபோய்விட்டார். நான் கடையில் புது பல்ப் வாங்கி வந்து போட்டு, அலுமாரியைப் பூட்டி, சாவியை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். கரண்ட் பில்லை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டும் எழுதி மேசையில் வைத்தேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஜூலை மழை பிடித்துக்கொண்டது. திருநாளுக்கு முந்தின வாரம் பாதர் தன் உடுப்பு அலுமாரியைத் திறந்து பார்த்தால் பூசைக்குப் போடும் நல்ல உடுப்பெல்லாம் பச்சைப் பூஞ்சணம். ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பிறகு சொன்னார்: "ரீத்தா, அந்தப் பல்ப் மாதிரி எனக்கும் ஒண்டு போட்டுத் தாங்கோ."

செத்தவர் வந்து உட்கார்ந்தார்

சந்தனமேரியம்மா தோட்டத்தின் மேல் டிவிஷனிலிருந்து மெதுவாக நடந்து இறங்கி வந்திருந்தார். முதியோர் காசுக்கு எழுதிப் போட வயதுச் சான்று வேண்டும். பிளேன்டீ கொடுத்து உட்கார வைத்துவிட்டு ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன். பெயர் இருந்தது, தகப்பன் பெயர் இருந்தது. பக்கத்து ஓரத்தில் பாதருக்கு உதவியாக இருந்த பழைய உபதேசியாரின் அழகான கையெழுத்தில் 'இறந்துபோனார், அடக்கம் செய்யப்பட்டது' என்றும் இருந்தது. அவருடைய சின்னப்பா மகளுக்கும் அதே பெயர். அந்த அம்மா செத்தபோது உபதேசியார் இந்த அம்மாவின் பக்கத்தில் எழுதிவிட்டார்.

எங்கள் சட்டப்படி ஓரத்தில் உள்ள குறிப்பையும் சேர்த்துத்தான் சான்றிதழ் எழுத வேண்டும். அப்படி எழுதினால் செத்தவருக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆயர் இல்லத்துக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பார்க்கலாம் என்றார் அப்போதிருந்த பழைய பாதர். பதில் வருவதற்குள் உபதேசியார் எழுதியது உண்மையாகிவிடும் என்றேன் நான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் நான் விடவில்லை. எழுதியதை வெட்டவோ சுரண்டவோ மாட்டேன், ஆனால் அதற்குக் கீழேயே 'மேற்படி குறிப்பு தவறு, இவர் உயிரோடு இருக்கிறார்' என்று எழுதுகிறேன், நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், அந்த அம்மாவே கைநாட்டு வைக்கட்டும் என்று புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தேன். போட்டார். சந்தனமேரியம்மா பெருவிரல் மையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, உபதேசியார் ஓரத்தில் என்னதான் எழுதியிருந்தார் என்று கேட்டார். பயந்து பயந்து சொன்னேன். அந்த அம்மா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "அவரு எப்பவுமே அவசரக்காரரு புள்ள. எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

கொஞ்சம் முந்திப் பிறந்திருக்கக் கூடாதா

ஹட்டனிலிருந்து ஒரு ஏஜென்ட் வந்தான். வெள்ளை வேனில், நல்ல சப்பாத்துப் போட்டு, ஒரு தாயையும் மகளையும் கூட்டிக்கொண்டு. பிள்ளையை வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப வயது போதாது. ஞானஸ்நானத் திகதியைக் கொஞ்சம் முந்தி எழுதிக் கொடுத்தால் மற்றதை எல்லாம் அவன் பார்த்துக்கொள்வானாம். புத்தகத்தில் திருத்தக்கூட வேண்டாம், சான்றிதழில் மட்டும் மாற்றினால் போதுமாம். எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்.

தாய் அழுதார். அவருடைய கஷ்டம் பொய்யில்லை. புருசன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி காலில் பட்டு வீட்டோடு கிடக்கிறான், கீழே இன்னும் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன. அதை நான் எழுதிக் கொடுத்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்பதும் தெரியும். அந்தப் பிள்ளை எங்கே போய் எந்த அடுப்பில் வேகும் என்பது யாருக்கும் தெரியாது. முடியாது என்றேன். ஏஜென்ட், உங்கள் பாதருக்கு மேலே எனக்கு ஆள் இருக்கிறது என்றான். அதற்கும் மேலே எனக்கு ஆள் இருக்கிறார் என்று சுவரில் தொங்கிய சிலுவையைக் காட்டினேன். அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். தாயும் பின்னாலேயே ஓடினார்.

மகள் மட்டும் ஒரு நிமிசம் பின்தங்கினாள். இவ்வளவு நேரமும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, அம்மா தனியா வந்து கேட்டாலும் முடியாதுன்னே சொல்லுங்க."

தாய் தனியாக வரத்தான் வந்தார், ஒரு தரம் இல்லை. நானும் அதையேதான் சொன்னேன்.

உட்கார இடமில்லாத ஞாயிறு

ஆபீஸ் அறையின் கூரைத் தகரம் ஒரு காற்றில் கழன்றுகொண்டது. விடிய வந்து பார்த்தால் ரெஜிஸ்டர்கள் இருந்த மர அலுமாரி முழுக்கத் தண்ணீர். அந்த மர அலுமாரிக்குக் கறையான் பிடித்திருக்கிறது, இரும்பு அலுமாரி வாங்கித் தாருங்கள் என்று கோயில் பங்குச் சபைக் கூட்டத்தில் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தலைவர் செபமாலை ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர். கேட்கும்போதெல்லாம் தலையை ஆட்டுவார். அந்த வருடம் திருநாளுக்குப் புது ஸ்பீக்கர் வந்தது. அலுமாரி வரவில்லை.

நனைந்த புத்தகத்தை வெயிலில் போடக் கூடாது, பக்கம் சுருண்டு மை ஓடிவிடும். காற்றுப் படுகிற மாதிரி நிழலில் விரித்து வைத்து, பக்கங்களுக்கு நடுவே கடதாசி சொருகி, அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அவ்வளவு பெரிய, காற்றோட்டமான நிழல் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. உபதேசியார் சூசையும் நானுமாகக் சனம் உட்காருகிற கோயில் வாங்குகள் முழுவதும் ரெஜிஸ்டர்களை விரித்தோம். ஞாயிறு காலை சனம் பூசைக்கு வந்தது. ஒவ்வொரு வாங்கிலும் ஒரு புத்தகம் வாய் பிளந்து கிடக்கிறது. எடுத்து வைத்துவிடலாமா என்று சூசை கேட்டார். ஒன்றையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு நடுவில் போய் நின்றுகொண்டேன். யாரையும் கிட்ட நின்று வாசிக்கவும் விடவில்லை.

சனம் நின்றுகொண்டே பூசை கண்டது. பிரசங்கம் அன்றைக்கு நீளமாகப் போனது, பாதர் வேண்டுமென்றே செய்தாரோ தெரியாது. காணிக்கை நேரத்துக்குள் செபமாலை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். பூசை முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். "நாளைக்கே நம்ம கடையிலேருந்து அலுமாரி வருது ரீத்தா. அடுத்த ஞாயித்துக்கிழமையாவது எங்கள உக்கார விடுங்க."

தமிழில் இருந்தால் செல்லாது

சவரிமுத்து அண்ணன் ஓய்வு பெற்ற தொழிலாளி. நான் எழுதிக் கொடுத்த சான்றிதழைக் கொண்டுபோய் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நீட்டினால், இது தமிழில் இருக்கிறது, சிங்களத்தில் மாற்றிக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்களாம். மாற்றிக் கொண்டுபோனால், மாற்றியவர் முத்திரை இல்லை என்றார்களாம். அவருக்குப் பேசப் பயம். ஒவ்வொரு தரமும் சரிங்க சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். மூன்றாவது தரம் நானும் கூடப் போனேன்.

கவுண்டரில் இருந்த தம்பி கெட்டவர் இல்லை. தெற்கிலிருந்து புதிதாக வந்தவர், தமிழ் எழுத்துத் தெரியாது, அதைச் சொல்ல வெட்கம். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னேன்: வாசலில் உங்கள் பெயர்ப்பலகை தமிழிலும் இருக்கிறது, அதை வாசிக்கிறவர்கள் எழுதுவதையும் வாங்கத்தான் வேண்டும். முடியாது, போங்கள் என்றார். நான் போகவில்லை. கவுண்டருக்கு நேரே வாங்கில் உட்கார்ந்தேன். ஆள் குறையும்போதெல்லாம் எழுந்து போய் அதே கடதாசியை அதே மாதிரி நீட்டினேன். சவரிமுத்து அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. மதியம் அந்தத் தம்பி சோற்றுப் பார்சலைப் பிரித்தார், என்னைப் பார்த்தார், மூடினார். எழுந்து மாடிக்குப் போய், தமிழ் தெரிந்த ஒரு அதிகாரியைக் கூட்டி வந்தார். அவர் வாசித்து முத்திரை குத்த ஒரு நிமிசம் கூட ஆகவில்லை. கடதாசியைத் திருப்பித் தரும்போது தம்பி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "மிஸ், அடுத்த முறை நீங்க வர வேணாம், கடுதாசி மட்டும் அனுப்புங்க, நான் எடுக்கிறேன்."

கல்லறை மேட்டில் முளைகள்

மேல் டிவிஷனில் சவுக்கு மரங்களுக்குக் கீழே எங்கள் ஆட்களைப் புதைக்கிற மேடு இருக்கிறது. கல் கட்டிய கல்லறை என்று பார்த்தால் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மண்ணும் மரச் சிலுவையும். மரச் சிலுவை எங்கள் மழைக்கு எத்தனை வருடம் நிற்கும்? ஒரு நாள் அங்கே அளக்கிறவர்கள் வந்து முளை அடித்துவிட்டுப் போனார்கள். உல்லாசப் பயணிகளுக்குப் பங்களா கட்டப்போகிறார்களாம். தோட்ட மேனேஜர் துரையிடம் கேட்டதற்கு, தோட்டத்துக் கணக்கில் அது தரிசு நிலம், கல் இருக்கிற சில கல்லறைகளை விட்டுவிடுகிறோம் என்றாராம். தொழிற்சங்கத் தலைவர்மார் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். முளைகளும் கூடிக்கொண்டே இருந்தன.

துரை ஒரு காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் இதைப் பற்றிச் சனத்துக்கு விளக்கப்போவதாகச் செய்தி வந்தது. நான் அடக்கப் புத்தகத்தை எடுத்தேன். மூலப் புத்தகம் ஆபீசை விட்டுப் போகக் கூடாது, போட்டோ பிரதி கொண்டு போ என்றார் பாதர். அவர் சொன்னது சரிதான், மற்றவர்களிடம் நானே சொல்கிற சட்டம் அது. ஆனால் பிரதியைக் காட்டினால் பிரதி என்பார்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டுகிற படங்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே ஏறினேன். துரை பேசி முடித்ததும், ஒரே ஒரு விசயம் சார் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் வாசிக்கத் தொடங்கினேன். அந்த மேட்டில் அடக்கம் செய்யப்பட்டவர் பெயர், தகப்பன் பெயர், எந்த லயம். முதல் பெயர்களுக்கு ஒரு சத்தமும் இல்லை, அவர்களுடைய சனம் எங்கே போனதோ. பிறகு ஒரு பெயருக்குக் கூடையோடு நின்ற ஓர் அம்மா, அது எங்க மாமியாருங்க என்றார். அடுத்ததற்கு ஒருத்தர், எங்க அப்பா என்றார். அதற்குப் பிறகு யார் தொடங்கினார்கள் என்று தெரியாது, வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது சொல்வது போலவே, ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டு ஆட்கள் 'இருக்கோம்' என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

தூறல் விழுந்தது. இரண்டு பெண்கள் புத்தகத்துக்கு மேலே கொழுந்துச் சாக்கை விரித்துப் பிடித்தார்கள். துரை குடையோடு நின்றார், போகவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஒரு பக்கத்தைத் திருப்பினால் என் தம்பி. பிறந்து கொஞ்ச நாளில் போனவன், எனக்கு முகம்கூட ஞாபகம் இல்லை. பெயரை வாசித்தேன். யாரும் பேசவில்லை, பேச வேண்டியது நான்தானே. 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனேன். இன்னும் கொஞ்சத்தில் துரை கிட்ட வந்து, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். இது முதல் புத்தகம் சார், இன்னொன்று கோயிலில் இருக்கிறது என்றேன். அவர் மேட்டின் பக்கம் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். தோட்டத்துத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: "புத்தகத்த மூடுங்க மிஸ், நனையுது. முளையெல்லாம் எடுத்துருவாங்க. எதுவரைக்கும் ஆளுங்க இருக்காங்கன்னு காட்டுங்க, கம்பி வேலி போடுறேன்."

புத்தகத்தில் இல்லாதவர்கள்

வேலி போடப் போனபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. மேட்டின் கீழ்ப்பாதியில் புதைத்திருப்பது இந்துச் சனங்களை. அவர்களுக்குப் புத்தகம் கிடையாது. புத்தகம் இருக்கிற பாதியோடு வேலி நின்றது. அடுத்த ஞாயிறு பாக்கியம் என்கிற கொழுந்துக்காரப் பெண் இன்னும் சில பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். எங்கள் ஆட்களையும் எழுதுங்கள் என்றாள். செபமாலைக்கு அது பிடிக்கவில்லை, கோயில் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்றார். அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலருக்கும் பிடிக்கவில்லை, செத்தவர்களையும் மதம் மாற்றப் பார்க்கிறார்களா என்று கேட்டார்கள். இரண்டு பக்கத்துக்கும் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். கடையில் தடித்த அட்டை போட்ட ஒரு புதுக் கொப்பி வாங்கினேன். அட்டையில் கோயில் பெயரும் இல்லை, சாமி பெயரும் இல்லை, டிவிஷன் பெயரை மட்டும் எழுதினேன். கோயிலுக்குள்ளும் எழுதவில்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில், நிறுவை முடிந்த பிறகு, ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். பாதரிடம் அனுமதி கேட்டேன். இது எனக்குத் தெரியாது, மழைக்கு முன்னால் முடித்துவிடு என்றார்.

சனம் வரிசையில் நின்று தங்கள் ஆட்களைச் சொன்னது. திகதி தெரியாதவர்கள், பெரிய மழை வந்த வருசம், ரயில் ஓடாத வருசம் என்றார்கள். அப்படியே எழுதினேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரி என்று சொன்ன பிறகுதான் எழுதினேன். எங்களைத் திட்டிய இளைஞர்களில் ஒருவனே வந்து தன் தாயின் பெயரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான். பாக்கியம் எல்லாருக்கும் கடைசியாக வந்தாள். அவளுடையது பிறந்தபோதே உயிர் இல்லாத பிள்ளை, பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாத இடத்தில் என்ன எழுதுவது என்று என் பேனா நின்றுவிட்டது. பாக்கியம் மகன் என்று போடுங்கள் என்றாள். போட்டேன். அவளுக்கு எழுத வாசிக்க வராது, ஆனாலும் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். கொப்பியைத் துரையிடம் கொண்டுபோய்க் காட்டினோம், அடுத்த மாதம் வேலி கீழே வரைக்கும் வந்தது. கொப்பியை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, அம்மன் கோயிலில் பூட்டுப் போட்ட இடம் இல்லை என்று சொல்லி, பாக்கியமே அதை என் கையில் கொடுத்தாள். "நல்லாப் பூட்டி வையுங்க அக்கா, இங்க யாருமே இல்லன்னு சொல்லிக்கிட்டு இன்னும் எவனாச்சும் வருவான்."

இந்த ஊரில் என்னைப் பிடிவாதக்காரி என்று இதுவரை சொல்லாதவர்கள் அடக்கப் புத்தகத்தில் இருப்பவர்கள் மட்டும்தான், அவர்களும் பேச முடிந்தால் என்ன சொல்வார்களோ, யார் கண்டது.